நடுவதற்கு முன் அறிவோம்

(இலங்கையின் சுதேச மரங்களும் அவற்றைக் கற்ற வரலாறும் என்ற பொருளில் யாழ்ப்பாணத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்த்திகை பிறந்து மழை மண்ணில் இறங்கியதும் வடக்கெங்கும் மரநடுகை தொடங்கிவிடும். பாடசாலைகள், கோவில்கள், சனசமூக நிலையங்கள், பிரதேச சபைகள் எல்லாம் கன்றுகள் நடுகின்றன. நல்ல காரியம், நடக்கட்டும். ஆனால் நடுகிறவர்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்விகள் சில உண்டு. கையில் இருக்கும் கன்று எந்த மரத்தினுடையது? இந்த மண்ணில் தானாக முளைத்து வாழ்ந்த மரமா, வெளியிலிருந்து வந்ததா? அதன் தாய்மரம் எங்கே நிற்கிறது? எப்போது பூக்கும், யார் அதன் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோவார்கள்? ஆடி மாதத்து வெயிலை அது எப்படித் தாங்கும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் நட்ட கன்று பெரும்பாலும் அடுத்த ஆடிக்குள் காய்ந்துபோகிறது. தப்பிப் பிழைத்தாலும், அந்த இடத்துக்குப் பொருந்தாத மரமாக நின்றுவிடுகிறது. மரத்தை அறிவது மரத்தை நடுவதற்கு முந்திய வேலை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அதைச் சொல்ல இந்தத் தீவின் மரங்களையும், அவற்றை முந்நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேடித் தேடிக் கற்றவர்களையும் துணைக்கு அழைக்கிறேன்.

முதலில் நாம் வாழும் காட்டைப் பார்ப்போம்.

இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சிறிய தீவு. அதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் இயல்பாக வளர்கின்றன. அவற்றில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. இந்தச் செழிப்பைப் பிரித்து வைத்திருப்பது மழை. தென்மேற்கிலும் மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலும் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. அது ஈரவலயம். மற்றப் பெரும்பகுதி உலர்வலயம். நமக்கு வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் மழை தருகிறது. ஐப்பசி முதல் தை வரை மண் குளிரும். பிறகு நீண்ட கோடை.

இவ்வளவு நீண்ட கோடையுள்ள நிலத்தில் காடு இலையுதிர்க்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஆவணி மாதத்தில் மடு வீதியில் போய்ப் பாருங்கள். தரை வெடித்துக் கிடக்கும், குளம் வற்றிக் கிடக்கும், காடு மட்டும் பச்சையாக நிற்கும். பாலையும் வீரையும் தடித்த, தோல் போன்ற இலைகளால் நீரிழப்பைக் கட்டுப்படுத்திக்கொண்டு, வேரை ஆழத்தில் இறக்கிக் கோடையைக் கடக்கின்றன. தாவரவியலாளர்கள் இதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். உலகில் இந்த வகைக் காடு மிகக் குறைந்த இடங்களில்தான் உண்டு. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அதன் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. கோடிக்கரைக்குப் போகிறவர்கள் அங்கேயும் பாலையையும் வீரையையும் காணலாம். பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்து இரு கரைகளும் நிலத்தால் இணைந்திருந்த காலங்களில் இது ஒரே காடாக இருந்தது. மரங்கள் அந்த உறவை இன்னும் காட்டி நிற்கின்றன.

பாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உலர்வலயக் காட்டின் தலைமை மரம் என்று எனக்கு அதைச் சொல்லத் தோன்றுகிறது. சிங்களத்தில் பலு. கடற்கரைக் காற்றில் குட்டையாக, தலை வாரியதுபோல் சாய்ந்து நிற்கும். வன்னியின் உள்ளே உயர்ந்து ஓங்கும். பட்டை கறுத்து ஆழமாக வெடித்திருக்கும். வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கிப்போகும் அளவு கனமானது. வைகாசி, ஆனியில் சிறிய மஞ்சள் பழங்கள் பழுக்கும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வளர்ந்தவர்களுக்குப் பாலைப்பழத்தின் இனிப்பையும் உதட்டில் ஒட்டும் அதன் பாலையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரடிக்கும் அதுவே பருவம். யால, வில்பத்துக் காடுகளில் கரடியைக் காண ஏற்ற காலம் எதுவென்று கேட்டால், பாலை பழுக்கும் காலம் என்றுதான் வழிகாட்டிகள் சொல்வார்கள். மரத்தில் ஏறிப் பழம் தின்னும் கரடி விதையைக் காட்டின் வேறொரு பகுதியில் எச்சத்தோடு விட்டுப்போகிறது. பாலைக்குக் கரடி வேண்டும், கரடிக்குப் பாலை வேண்டும்.

இந்தப் பாலைக்குத் தோட்டத்திலும் ஒரு பங்கு உண்டு. சப்போட்டா மரம் மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது. அதன் ஒட்டுக்கன்றுகளுக்குத் தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் வேர்ச்செடியாகப் பயன்படுவது பாலைக் கன்றுதான். அந்நிய மரம் நம் மண்ணில் நிலைக்க நம் காட்டு மரத்தின் வேர் தேவைப்படுகிறது. ஆனால் பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்று வெட்டப்படும் ஒரு பெரும் பாலைக்கு ஈடாக இன்னொன்று எழுந்து நிற்கப் பல தலைமுறைகள் வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

பாலையோடு நிற்கும் தோழர்களின் பெயர்களையும் சொல்கிறேன்: வீரை, முதிரை, கருங்காலி, சாவண்டலை, யாவறணை, கூழா, விண்ணாங்கு, பனிச்சை. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. முதிரையின் பலகை பொன்னிறத்தில் பட்டுப்போல் மின்னும். அதன் தூள் தோலில் பட்டால் கடிக்கும் என்பது மரஆலைத் தொழிலாளர்களுக்குத் தெரியும். கருங்காலியின் வெளிமரம் வெளுப்பு. முதிர்ந்த மரத்தின் உள்வைரம் மட்டுமே கறுப்பு. அந்தக் கறுப்புக்காக ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் கப்பல் கப்பலாக அது போனது. சாவண்டலை திருகோணமலைத் துறைமுகம் வழியாகச் சென்னைக்குப் போனதால் அங்கே திருக்கோணமலை மரம் என்றே பெயர் பெற்றது. சென்னைக் கரையில் அலையை எதிர்த்துப் போன மசூலாப் படகுகளுக்கு அந்தப் பலகை பயன்பட்டது. நம் காடுகளின் வரலாறு பெருமளவில் வெட்டிக் கொண்டுபோனதன் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அவை எப்படி வளர்கின்றன என்பதை எழுதியவர்கள் குறைவு.

இப்போது ஈரவலயத்துக்குப் போவோம். நாம் வடக்கில் இருந்தாலும், இந்தத் தீவின் மரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கராஜ வனத்தை விட்டுவிட முடியாது.

அங்கே காட்டின் கூரையைத் தாங்கி நிற்பவை குங்கிலியக் குடும்பத்து மரங்கள். பழத்தில் இறக்கை முளைத்த இந்தக் குடும்பத்தில் இலங்கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே இத்தீவுக்கு மட்டும் உரியவை. அவற்றுள் ஸ்டெமனோபோரஸ் என்ற பேரினம் முழுவதுமாக இலங்கைக்கே சொந்தம். அதில் ஓர் இனம் களுத்துறை மாவட்டத்தில் வத்துரான என்ற நன்னீர்ச் சதுப்புக் காட்டில் நீருக்குள் கால் வைத்து நிற்கிறது. இந்தக் குடும்பத்தின் உறவினர் ஒன்று சீஷெல்ஸ் தீவில் இருக்கிறது. நெருங்கிய உறவுக் குடும்பம் மடகாஸ்கரில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் தென்பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்த பழங்கதையின் சாட்சிகள் இவை.

கிராமத்தவர்களுக்கு இவை ஆய்வுப் பொருளாவதற்கு முன்பே வாழ்க்கைப் பொருள். ஹல் என்ற மரத்தின் பட்டையைக் கித்துள் பதநீர் இறக்கும் முட்டியில் இடுவார்கள்; புளிப்பதை அது தாமதப்படுத்தும். பெரலிய மரத்தின் கொட்டையைப் பக்குவப்படுத்தி மாவாக்கி உண்பார்கள். காட்டின் ஓரத்தில் வாழ்ந்தவர்கள் எந்த மரம் எந்த ஆண்டு காய்த்துக் கொட்டும் என்று அறிந்திருந்தார்கள். அந்த அறிவு நூலில் ஏறாததால் அதற்கு மதிப்பில்லை என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

அடுத்து, இவற்றைக் கற்ற வரலாறு.

1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராகக் கொழும்புக்கு வந்தவர் பவுல் ஹெர்மன். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, செடிகளையும் மரக்கிளைகளையும் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டினார். ஊரவர்கள் சொன்ன பெயர்களையும் எழுதினார். 1695இல் அவர் இறந்தபின் அந்தத் தொகுப்பு பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பின்னர் அது சுவீடன் நாட்டு லின்னேயஸின் கைக்குப் போனது. இலங்கையை ஒருநாளும் காணாத லின்னேயஸ் அந்தத் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1753இல் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் வைத்த அவருடைய பெருநூலில் இந்தத் தீவின் பல செடிகள் இடம்பெற்றது அதன் பயன். ஹெர்மனின் தொகுப்பு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பின் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் யாரோ ஒருவர் காட்டித்தந்த மரங்கள் அவை. காட்டியவர்களின் பெயர் அங்கே இல்லை.

1821இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவை அலெக்சாண்டர் மூன் தொடங்கினார்; 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். 1849இல் பொறுப்பேற்ற துவைற்ஸ் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே இருந்து, 1858 முதல் 1864 வரை இலங்கைத் தாவரங்களின் விரிவான இலத்தீன் நூலைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றி திறிமென் 1893இல் இலங்கைத் தாவரக் கைந்நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். அது முடிவதற்குள் 1896இல் காலமானார். எண்பது வயதைத் தாண்டியிருந்த ஜோசப் ஹூக்கர் இங்கிலாந்திலிருந்தபடி மீதியை எழுதி 1900இல் நிறைவுசெய்தார். 1980 முதல் 2006 வரை தசநாயக்கவும் பொஸ்பேர்க்கும் அவர்களோடு பலரும் அந்தக் கைந்நூலைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தையும் இணைத்துப் புதுக்கி எழுதினார்கள்.

இந்த வரிசையில் நான் மதிப்போடு நினைக்கும் இன்னொருவர் ஹர்மானிஸ் த அல்விஸ். பேராதனையில் நாற்பது ஆண்டுக்கு அண்மித்த காலம் தாவர ஓவியராக இருந்தவர். அவருடைய மகன்மாரும் அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். பூவின் இதழ், இலையின் நரம்பு, காயின் குறுக்குவெட்டு என்று அவர்கள் வரைந்த ஓவியங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஒரு கிளையை மணிக்கணக்காக உற்றுநோக்காமல் அப்படி வரைய முடியாது. துவைற்ஸின் நூலுக்கும் திறிமெனின் நூலுக்கும் அந்தக் கண்ணின் உழைப்பு அடித்தளம்.

திறிமென் தமது நூலில் மரங்களின் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே பதித்தார். சாவண்டலை, யாவறணை போன்ற பெயர்கள் எழுத்தில் நிலைபெற்றது அப்படித்தான். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான நூலொன்றை எழுதினார். வன்னியின் ஊர்ப்பெயர்களையும் தொகுத்து ஆராய்ந்தார். இவர்கள் எல்லோரும் நம் கிராமத்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதினார்கள். அறிவு நம்மிடம் இருந்தது. எழுதிவைத்த பழக்கம் மட்டும் வேறிடத்தில் இருந்தது. அந்தப் பழக்கத்தை நாம் பற்றிக்கொள்ள வேண்டும்.

மரங்களைக் கற்றதால் என்ன பயன் வந்தது என்று கேட்பவர்கள் இருக்கலாம். மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காக மத்திய மலைக்காடுகள் பெரும்பரப்பில் அழிக்கப்பட்டன. அந்தத் தோட்டங்களின் பாரத்தைச் சுமந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் உறவுகள். மன்னார்க் கரையிலிருந்து மலைக்குக் கால்நடையாகப் போன பாதையில் எத்தனையோ பேர் மடிந்தார்கள். இலாபம் போன இடம் வேறு. மலைக்காடு போனால் ஆறுகளின் ஊற்றே போய்விடும் என்று தாவரவியலாளர்கள் எச்சரித்தார்கள். ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளைத் தோட்டங்களுக்காக விற்பது நிறுத்தப்பட்டது. ஹோட்டன் சமவெளியில் இன்றும் சிவந்து பூக்கும் ரொடொடென்ட்ரன் மரங்களைக் காண முடிவதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

இரண்டாவது சிங்கராஜ வனம். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக அந்தக் காட்டில் இயந்திரங்கள் இறங்கின. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலகவும் சாவித்திரி குணதிலகவும் அந்தக் காலத்திலேயே அங்குள்ள மரங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். மரங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இத்தீவுக்கே உரியவை என்பது ஆதாரத்தோடு வெளிவந்தது. பொதுமக்களின் எதிர்ப்பும் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெட்டுவது நின்றது. 1978இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் 1988இல் உலக மரபுரிமையாகவும் யுனெஸ்கோ அதை ஏற்றது. 1990களில் அதே காட்டில் 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்றிமீற்றர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் கட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் மரங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். ஒரே மலையில் முகட்டில் ஓர் இனமும் பள்ளத்தில் அதன் நெருங்கிய உறவான வேறோர் இனமும் இடம் பிரித்து வாழ்வதை அந்தக் கணக்குக் காட்டியது. பத்தடி உயரம் மாறினால் மண் மாறுகிறது, ஒளி மாறுகிறது, மரமும் மாறுகிறது.

மூன்றாவது, குறுடியா செய்லானிக்கா என்ற மரம். நூறாண்டுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாததால் 2012இல் தேசியச் செம்பட்டியல் அதை அற்றுப்போன இனமாகப் பதிந்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்தில், ஆட்கள் நடமாடும் ஓர் ஊரில், அது உயிரோடு நிற்பது கண்டுபிடிக்கப்பட்டது. 2021இல் அது நெடுஞ்சாலை அமைக்கும் வழியில் நிற்கிறது என்றபோது நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. இத்தனை ஆண்டுகளாக அதன் நிழலில் நின்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பெயர் தெரிந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்த நாளில்தான் அந்த மரம் நாட்டுக்குக் கிடைத்தது. நம் ஊர் வேலியோரத்தில் இப்படி எது நிற்கிறது என்று நமக்குத் தெரியுமா?

இங்கே ஒரு வேறுபாட்டையும் தெளிவாக்க விரும்புகிறேன். புகழ்பெற்ற மரங்கள் எல்லாம் சுதேச மரங்கள் ஆகா.

அநுராதபுரத்து மகாபோதி, சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்பது மரபு. அவர் வந்திறங்கிய சம்புகோளம் நம் வடகரையில் இருந்தது என்று மகாவம்சம் வழிவந்த மரபு சொல்கிறது. மனிதர் நட்டு, நட்ட காலமும் பதிவாகி, இன்றும் உயிரோடு இருக்கும் மரங்களில் மிகப் பழையதாக உலகம் அதைக் கருதுகிறது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அரசமரத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்குகோல் கொடுத்து, நீர் வார்த்து, யானையிடமிருந்து காத்து வந்திருக்கிறார்கள். மரம் காப்பதென்பது தொடர்ந்து செய்யும் தொண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர். நெடுந்தீவின் பெருக்கமரத்தில் ஆள் உள்ளே போகும் அளவு பொந்து உண்டு. இவை ஆப்பிரிக்க மரங்கள். அராபிய வணிகர்கள் கொண்டுவந்தவை என்பது வழக்கு. இந்தியாவிலுள்ள பெருக்கமரங்களின் மரபணுவை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வு, அவை ஒரே தடவையில் வராமல் பல காலங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவை என்று காட்டியது. கடல் வணிகத்தின் வரலாறு அவற்றின் உயிரணுவில் பதிந்திருக்கிறது. வயதைச் சொல்லும்போது மட்டும் நிதானம் வேண்டும். வெப்பவலய மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக அமைவதில்லை. பெருக்கமரமோ உள்ளே பொந்தாகி, பல தண்டுகள் ஒன்றாக இணைந்து பருப்பது. சுற்றளவை மட்டும் வைத்து அதன் வயதைக் கணிக்க முடியாது.

மகாபோதியும் பெருக்கமரமும் நம் போற்றுதலுக்குரியவை. அவற்றைக் காப்போம். ஆனால் காடு திரும்ப வேண்டுமென்றால் பாலையும் வீரையும் திரும்ப வேண்டும். அது எப்படி என்பதற்குத் தம்புள்ளையில் ஒரு பாடம் இருக்கிறது.

பொப்பம் என்ற ஆங்கிலேயர், பிரித்தானியக் கடற்படையிலும் பின்னர் இங்கே தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்தவர், 1963இல் தம்புள்ளைக்கு அருகே கண்டலமப் பாதையோரம் கொஞ்சம் நிலம் வாங்கினார். சேனைக்காக வெட்டி எரித்துக் கைவிடப்பட்டு முட்புதர் மண்டிக் கிடந்த நிலம் அது. மரச்சோலை ஒன்றை உண்டாக்கும் எண்ணத்தோடு கன்றுகளை நட்டார். அவை பெரும்பாலும் பிழைக்கவில்லை. ஆனால் புதருக்குள் உற்றுப் பார்த்தபோது, யாரும் நடாத மரக்கன்றுகள் அங்கே முளைத்திருந்தன. பறவைகளும் விலங்குகளும் கொண்டுவந்த விதைகளும், பழைய அடிக்கட்டைகளின் துளிர்களும் ஒளிக்காகத் தவித்துக்கொண்டிருந்தன. அவர் நடுவதை விட்டார். எது மரக்கன்று, எது புதர் என்று அடையாளம் கண்டு, கன்றை நெருக்கிய முட்செடியை மட்டும் வெட்டினார். கன்றுகள் எழுந்தன. நிழல் விழுந்ததும் புதர் தானாக ஒடுங்கியது. ஒருசில பத்தாண்டுகளில் அந்த நிலம் உலர்வலயக் காடாக எழுந்து நின்றது. இன்று கண்டியிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தின் பொறுப்பில் அது ஆய்வுச் சோலையாக இருக்கிறது.

பொப்பம் செய்ததில் அடிப்படையான வேலை என்ன? ஒரு விரற்கடை உயரமுள்ள கன்றைப் பார்த்து, இது வீரை, இது சாவண்டலை, இது வெறும் முள் என்று சொல்லத் தெரிந்தது. அந்த அறிவு இல்லாதவர் கையில் கத்தி கிடைத்தால் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டித் துப்புரவாக்கி, பிறகு எங்கிருந்தோ கன்று வாங்கி வந்து நடுவார். நம் நாட்டில் எத்தனை இடங்களில் இதுதான் நடந்திருக்கிறது!

ஈரவலயத்திலும் இதையொத்த முயற்சி வெற்றிகண்டது. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பைன் மரங்களை நட்டிருந்தார்கள். அவை நம் நாட்டு மரங்கள் அல்ல. குணதிலக தம்பதியரும் மார்க் அஷ்டன் என்ற ஆய்வாளரும் அந்தப் பைன்களை முழுக்க அழிக்கச் சொல்லவில்லை. இடையிடையே சில வரிசைகளை மட்டும் வெட்டி ஒளி புகவிட்டு, அந்த இடைவெளியில் காட்டு மரக் கன்றுகளை நட்டார்கள். முழு வெயிலில் வாடியிருக்கக்கூடிய கன்றுகள் பைனின் அரைநிழலில் தழைத்தன. எந்தக் கன்றுக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்ற பல ஆண்டு அளவீடு அதன் பின்னால் இருந்தது.

இப்போது நம் நிலத்துக்கு வருகிறேன். 1956இல் இலங்கையின் 44 வீத நிலத்தில் காடு இருந்தது. 2010இல் அது 30 வீதத்துக்குச் சற்றுக் குறைந்துவிட்டது. எஞ்சியதில் பெரும்பகுதி உலர்வலயத்தில், அதாவது நம் பக்கத்தில்தான் இருக்கிறது. வன்னியில் முதிரையும் பாலையும் இன்றும் களவாக வெட்டப்படுகின்றன. தேக்கு பல இடங்களில் வரிசை வரிசையாக நிற்கிறது. தேக்கு நல்ல மரம், பலகைக்கு உகந்தது. ஆனால் அது இத்தீவில் இயல்பாக வளர்ந்த மரமன்று. அதன் கீழே கரடிக்குப் பழமில்லை. கோடையில் அது இலையைக் கொட்டிவிடும். தேக்குத் தோட்டத்தைக் காட்டுக் கணக்கில் சேர்ப்பதால் இழந்த காட்டுக்கு ஈடு வந்துவிடாது. போரில் வெறுமையாகி, பிறகு திருப்பிக் கிடைத்த காணிகளின் எல்லைகளிலும், குளக்கட்டுகளின் பின்புறத்திலும், கோவில் வீதிகளிலும் தாமாக முளைத்த கன்றுகள் எவ்வளவோ உண்டு. பாலை ஒன்று ஓங்கப் பல தலைமுறை வேண்டும் என்று முன்னே சொன்னேன். தானாக முளைத்து ஐந்தாறு கோடையைத் தாண்டிய ஒரு பாலைக்கன்று அந்த நீண்ட பயணத்தின் மிகக் கடினமான பகுதியை முடித்துவிட்டது. அதைப் பிடுங்கிவிட்டு நாற்றுப்பையில் வந்த கன்றை நடுவது பெரும் இழப்பு.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் சில வேலைகளை ஒப்படைத்துவிட்டு முடிக்க விரும்புகிறேன்.

ஒன்று, ஒவ்வொரு பாடசாலையும் தன் கிராமத்து மரங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கட்டும். மரத்தின் ஊர்ப் பெயர், தாவரவியற் பெயர், நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு, நிற்கும் இடம். புளியங்குளத்தில் புளி நிற்கிறதா, இலுப்பைக்கடவையில் இலுப்பை எத்தனை, பாலையூற்றில் பாலை உண்டா, பனிச்சங்கேணியில் பனிச்சை எஞ்சியதா என்று அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே போய்ப் பார்க்கட்டும். பெயர் மட்டும் மிஞ்சி மரம் போன ஊரில் முதலில் நட வேண்டிய மரம் எதுவென்று அந்தப் பதிவேடே சொல்லும்.

இரண்டு, பருவக் குறிப்பு. எந்த மரம் எந்த வாரம் துளிர்த்தது, பூத்தது, காய்த்தது, பழத்துக்கு எந்தப் பறவை வந்தது என்று எழுதுங்கள். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம். பத்து ஆண்டுகள் தொடர்ந்தால், மழை மாறிவரும் இக்காலத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் விரும்பிக் கேட்கும் ஆவணமாக அது மாறும்.

மூன்று, முதியவர்களிடம் கேளுங்கள். காட்டுக்குப் போய்த் தேன் எடுத்தவர்கள், வண்டில் செய்தவர்கள், நாட்டு வைத்தியர்கள், மாடு சாய்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஹெர்மனும் திறிமெனும் அவர்களின் முன்னோரிடம் கேட்டுத்தான் எழுதினார்கள். இம்முறை சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுதுவோம்.

நான்கு, தாய்மரங்களைக் காப்பாற்றுங்கள். கிராமத்தில் நிற்கும் பழைய வீரை ஒன்று விதைக் களஞ்சியம். வீதி அகலிப்பு, மின்கம்பி, மதில் என்று காரணம் சொல்லி அதை வெட்ட வருகிறவர்களிடம் அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள். பெயரும் அளவும் எழுதப்பட்ட மரத்தை வெட்டுவது எளிதல்ல.

ஐந்து, நடும்போது உங்கள் ஊர்த் தாய்மரத்தின் விதையிலிருந்து வளர்த்த கன்றை நடுங்கள். காட்டு மரங்கள் பலவற்றின் விதைக்கு உயிர் நீடிப்பதில்லை. பழம் விழுந்ததும் எடுத்து, சதை நீக்கி, தாமதிக்காமல் விதைக்க வேண்டும். நடுவதற்கு முன் அந்த நிலத்தில் ஏற்கெனவே என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இருப்பதற்குக் கூடு கட்டி ஆட்டிலிருந்தும் மாட்டிலிருந்தும் காப்பதும் மரநடுகைதான். அதை விழாவாகக் கொண்டாடப் பழகுவோம்.

தமிழில், கையில் கொண்டுபோகக்கூடிய, படங்களோடு கூடிய வடமாகாண மரங்களின் கள வழிகாட்டி ஒன்று நமக்கு வேண்டும். அதை எழுதப்போகிறவர்கள் இந்த அவையில் இருக்கும் மாணவர்களாகத்தான் இருக்க முடியும். ஹெர்மன் தொடங்கிய அந்த நீண்ட வேலையில் தமிழில் எழுத வேண்டிய பகுதி உங்களுக்காகவே மீதமிருக்கிறது. வருகிற கார்த்திகைக்கு முன் ஒவ்வொருவரும் உங்கள் ஊரின் பத்துச் சுதேச மரங்களை இலையிலும் பட்டையிலும் கன்றிலும் அடையாளம் காணக் கற்றுக்கொண்டு வாருங்கள். பிறகு நாம் நடுகிற ஒவ்வொரு கன்றும், விட்டுவைக்கிற ஒவ்வொரு கன்றும் இந்த நிலத்துக்குரிய காடாக எழும்.